கம்மல் தெளிவு, தாய்மாமன் மங்கல்

புகைப்படத் தொழிலுக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரையும் எப்போதோ ஒருநாள் யாரோ ஒருவர், 'நீங்க ரொம்ப நல்லா எடுக்கறீங்களே, இதையே தொழிலாப் பண்ணலாமே' என்று சொல்லிக் கெடுத்திருப்பார்.

என்னைக் கெடுத்தது என் நாத்தனார். என் பால்கனிச் செம்பருத்தியை எடுத்து அனுப்பியிருந்தேன், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் கரூர்க்காரி. பதினோரு வருடமாக ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடுவதற்குச் சம்பளம். வீடு லோத்குண்டாவில், மூன்றாவது மாடி. வேலைக்கும் போய்க்கொண்டு, கேமரா பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் பட்டதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

பூ கூப்பிடுமா?

இணையத்தில் தமிழர்கள் நடத்தும் ஒரு போட்டோக் குழுவில் சேர்ந்தேன். என் படங்களில் நல்லதாகப் பத்தைப் பொறுக்கிப் போட்டு, 'வயது நாற்பத்தொன்று. வேலையை விட்டுவிட்டுத் தொழிலாக இறங்கலாமா? ஆலோசனை தேவை' என்று எழுதினேன். எழுதியது மூன்று வரி. அதை அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் திருத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. முதலில் வந்தவர் என் கேமரா கம்பெனியே சரியில்லை என்றார். இரண்டாவதாக வந்தவர், முதலில் வந்தவருடைய கம்பெனிதான் சரியில்லை என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். 'உங்களால் முடியும் சிஸ்டர்' என்று பலர் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேர் படங்களைத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியாது. திறந்து பார்த்தவள் ஒருத்தி, திருப்பூர்க்காரி. புரொஃபைல் படத்தில் தன் முகத்துக்குப் பதிலாகப் பூனை முகத்தை வைத்திருந்தாள். அவள் எழுதியது இது: "பத்துப் படத்துல ஒரு மனுஷ முகம் கூட இல்லையேக்கா. செம்பருத்திப் பூவா வந்து உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகுது?"

லிஃப்டில் ஒரு நோட்டீஸ்

மனுஷ முகத்துக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் முரளியை நிறுத்தி எடுத்தேன். எந்த வெளிச்சத்திலும் அவர் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரியே நின்றார். ஆரம்பத்தில் இலவசமாக எடுத்துக் கொடுங்கள், கை பழகும், நாலு பேருக்குத் தெரியவரும் என்று குழுவில் சொன்னார்கள். 'குடும்பப் படம், இலவசம், பிளாட் 304' என்று இங்கிலீஷிலும் தெலுங்கிலும் அடித்து எங்கள் லிஃப்டில் ஒட்டினேன்.

பத்து நாள் ஒருவரும் வரவில்லை. என்னோடு லிஃப்டில் ஏறுகிறவர்கள் மேலே மாறுகிற மாடி எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பதினோராம் நாள் முதல் மாடி ஏழுமலை சார் வந்து மணியடித்தார். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர். மடிப்புக் கலையாத சட்டை, சீவிவிட்ட மீசை. ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டேன். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "இன்ஷூரன்ஸா, சீட்டா? எதுவா இருந்தாலும் மொதல்ல பேப்பரைக் காட்டும்மா. இலவசம்னு சொல்றவங்க கடைசியில ஒரு கையெழுத்து கேப்பாங்க."

காதுகுத்து

முதல் நிஜ வேலை செகந்திராபாத்தில் ஒரு காதுகுத்து. மூன்று தலைமுறையாக ரயில்வேயில் இருக்கும் குடும்பம். குழந்தையின் அப்பா பிரபு பேசுகிற தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு 'ஹவ்' வரும், ஹைதராபாத் உருதுவில் 'ஆமாம்'. 'உங்களுக்கு காதுகுத்து எடுத்துப் பழக்கம் இருக்கில்ல?' என்று அவர் கேட்டதற்கு, நானும் 'ஹவ்' என்று சொல்லிவைத்தேன்.

பின்னணியை மங்கலாக்கினால்தான் படம் தொழில்முறைப் படம் போலத் தெரியும் என்று குழுவில் ஒரு கூட்டமே சொல்லியிருந்தது. அதற்கென்றே ஒரு லென்ஸ் வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து மதியம் வரை அதைக் கழற்றவே இல்லை. ஆசாரி குத்துகிறார், குழந்தை வீரிடுகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் நிற்கிறது. அத்தனையும் கிடைத்தது. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் ஒரு படத்தில் கூடத் தெளிவாக இல்லை. மனிதர் இதற்காகவே அரக்கோணத்திலிருந்து லீவு போட்டு வந்து, பட்டு வேட்டி கட்டி, மொட்டை அடித்த குழந்தையை மூன்று மணி நேரம் மடியில் வைத்திருந்தவர். என் படங்களில் வெள்ளையாக ஒரு மேகம் மாதிரி இருந்தார். காதுகுத்தை இன்னொரு தடவை நடத்தச் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி அதோடு படங்களை அனுப்பினேன். மூன்றாம் நாள் அரக்கோணத்திலிருந்து போன் வந்தது. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கம்மல் ரொம்ப நல்லா தெரியுது மேடம். நான் எங்க இருக்கேன்?"

யூசுஃப் பாய் நின்ற இடம்

இனிமேல் யாருடனாவது போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டால்தான் உண்டு என்று முடிவு செய்தேன். திருமுல்கேரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் யூசுஃப் பாயைப் பிடித்தேன். ஆம்பூர்க் குடும்பம், பிறந்தது இங்கே. என்னைவிட நாலு வயது சின்னவர். ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராவாக வரச் சொன்னார்.

முகூர்த்த நேரத்தில் மேடைக்கு நேர் எதிரே, கீழே போய் நின்றேன். வீடியோக்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'அங்க நக்கோ, வேணாம் மேடம், மேல வாங்க' என்று யூசுஃப் பாய் கையாட்டினார். கேட்காமல் நின்றேன். கெட்டிமேளம் கொட்டியதும் எனக்கு முன்னால் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பாதிக் கையில் அட்சதை, பாதிக் கையில் போன். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு பார்த்தால், ஒரு சித்தப்பாவின் போன் திரை மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. அந்தத் திரைக்குள் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில் மேடை ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் எடுத்து முடித்திருந்த யூசுஃப் பாய், என் கேமராவை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "நல்ல படம் மேடம். ஆனா அது அந்தச் சித்தப்பா எடுத்தது."

ஆபீஸ் முகங்கள்

அதற்கப்புறம் ஆறேழு மாதம் யூசுஃப் பாயோடு போய் வந்ததில் முகங்கள் பழகின. ஆபீஸில் விஷயம் பரவியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் டீமில் ஒவ்வொருவராக வந்து, வேலைவாய்ப்பு இணையதளத்தில் போட ஒரு நல்ல படம் வேண்டும் என்றார்கள். எட்டாவது மாடியில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு, அருமையான வெளிச்சம். அங்கே நிறுத்தி எல்லோரையும் எடுத்தேன். தோளைக் கொஞ்சம் திருப்பு, முகவாயை இறக்கு, போன மாதம் நீ கண்டுபிடித்த பெரிய தப்பை நினைத்துக்கொள். எல்லோரும் மிடுக்காக வந்தார்கள்.

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் கடிதம் கொடுத்த அன்று மேனேஜர் ஸ்ரீனிவாஸ் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். தெலுங்குக்காரர்தான், சென்னையில் மூன்று வருடம் இருந்தவர், என்னிடம் தமிழிலேயே பேசுவார். "உங்களுக்கு டேலன்ட் இருக்கு, ஒத்துக்கறேன். இனிமே அந்த ஜன்னல் பக்கம் மட்டும் யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க."

திருத்தாத படம்

ஏழுமலை சார் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கண்ணாடியை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி கஸ்தூரி அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து, கை கால் தேறிவிட்டது. வாய் மட்டும் இடது பக்கம் இறங்கி நின்றுவிட்டது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது கனடாவில் இருக்கும் மகளுக்குத் தெரியும், வாய் கோணியது தெரியாது. வீடியோவில் பேசினால் அந்த அம்மா போனை மின்விசிறியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவாராம். டிசம்பரில் மகள் வருகிறாள். அதற்கு முன்னால் அம்மா படம் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். 'பார்க்க நல்லா இருக்கற மாதிரி ஒண்ணு எடும்மா' என்றார்.

குழுவில் கேட்டேன். சண்டையே இல்லாமல் எல்லோரும் உதவிய ஒரே கேள்வி அதுதான். வலது கன்னத்தைக் காட்டச் சொல்லுங்கள், வெளிச்சத்தை ஒரு பக்கமாக விடுங்கள், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்றார்கள். அப்படியே செய்தேன். அவர்கள் வீட்டு ஹாலில் எடுத்தேன். ஏழுமலை சார் வெளிச்சத்துக்காக வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து உதட்டை நேராக்கினேன். கன்னத்தைத் தூக்கினேன். நான் அதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

கொண்டுபோய்க் காட்டினேன். ஏழுமலை சார் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கஸ்தூரி அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கா. என் தங்கச்சி மாதிரி" என்றார். அவருக்கு வார்த்தைகள் மெதுவாக வரும். "நீ எடுத்தது வேற இருக்குமே, அதைக் காட்டு." கேமராவிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். தெர்மாகோலை வைத்துக்கொண்டு விறைப்பாக நின்ற கணவரைப் பார்த்து அவர் சிரித்த ஒரு படம் இருந்தது. வாய் முழுக்க ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்ணில் அத்தனை குறும்பு. கை தவறி அமுக்கிய படம், அழிக்க மறந்திருந்தேன். அதில் விரலை வைத்துச் சொன்னார்: "இதை அனுப்பு. ஏர்போர்ட்ல எறங்கி வர்றப்போ, அவ அழகான அம்மாவைத் தேடிக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிடக் கூடாது."

கடைசி நாள்

அந்த வாரம் முரளியிடம் பேசினேன். அவர் என் ஆட்டம் முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், 'ஆறு மாசம் கழிச்சு சரிப்பட்டு வரலைன்னா திரும்ப வேலை தேடுவியா, இல்ல சண்டை போடுவியா?' தேடுவேன் என்றேன். குழுவில் இந்த முறை யாரையும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி நானே அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் மனிதவளப் பிரிவில் அடையாள அட்டையை ஒப்படைக்கப் போனேன். அங்கே இருந்த கோயம்புத்தூர்ப் பெண் காயத்ரி, வேலையை விடுவதற்கான காரணம் என்ன என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். 'போட்டோகிராபி' என்றேன். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. 'இதர' என்பதில் டிக் அடித்தாள். அடையாள அட்டையை வாங்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்: "தை மாசம் எனக்குக் கல்யாணம்க்கா. ஐடி கார்டு இன்னும் உங்க கையிலதான இருக்கு, இப்பவே புக் பண்ணிட்டா ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் உண்டா?"

கேமராவைத் தூக்கிய இந்த ஒன்றரை வருடத்தில் நான் தேறியிருக்கிறேனா என்று கேட்டால், 'கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க' என்பதைத் தமிழ், தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் என நான்கு மொழிகளிலும் பிழையில்லாமல் கெஞ்சுகிற அளவுக்குத் தேறியிருக்கிறேன்.