முகர்ந்து வாங்கும் ஸ்வரூபா

மேசைமேல் இருந்த பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளைகளில் மூக்கை ஒட்டிவைத்து, கண்களை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார் ஸ்வரூபா. செகந்திராபாத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் விற்கும் வளாகத்தின் இரண்டாம் மாடியில், அன்று காலை அவர் முகர்ந்த நான்காவது பெட்டி அது. கடைக்காரர் ஷுஜாத் பாய் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, கருவாடு வாங்க வந்தீங்களா?"

"கருவாடு பொய் சொல்லாது பாய். உங்க சாமானை நீங்க துடைச்சு துடைச்சுல்ல வெச்சிருக்கீங்க! உள்ள கருகின வாடை மட்டும் துடைச்சாப் போகாது."

ஸ்வரூபாவுக்கு நாற்பத்தோரு வயது. ஊர் சிரிசில்லா. கணவர் ரவீந்தரின் தறிக்கூடத்துக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் உட்கார்ந்து வீடியோ வெட்டுகிறார். முதலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டினார். அப்புறம் கல்யாண வீடியோ. இந்த ஆறு வருஷமாகக் கிராமியப் பாட்டு வீடியோக்கள். கீழே பன்னிரண்டு தறிகள் அடிக்கிற அடியில் சுவரே அதிரும். அதற்கு நடுவே தப்பட்டை விழும் இடத்தில் இம்மி பிசகாமல் காட்சியை வெட்டுவார். "ஸ்டூடியோக்காரங்களுக்குக் காது வலிக்குமாம், சவுண்டு புரூஃப் ரூம் வேணுமாம். எனக்குத் தறி நின்னாத்தான் கை நடுங்கும்" என்பார்.

அந்தப் பாட்டுகளுக்குக் கேமராக்காரன் நான். நான் எடுத்துக் கொடுக்கும் காட்சிகளுக்கு அவர் எண் போடுவதில்லை. 'மஞ்சப் புடவை சிரிச்சது', 'நாய் குறுக்கே வந்தது', 'கேமரா அண்ணா கால் தடுக்கினது' என்று பெயர் வைப்பார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பாட்டைக் கேட்டாலும், 'மாமியார் மொறைச்சது' எந்த நிமிடத்தில் வருகிறது என்று பார்க்காமலே சொல்வார்.

மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. பெண்கள் பூ அடுக்கிச் சுற்றி ஆடும் பதுகம்மா பண்டிகைக்காக ஏழு பாட்டுகள் கையில் இருந்தன. இரண்டுதான் முடிந்திருந்தது. பாட்டுகளுக்குப் பணம் போட்டவர் கரீம்நகர் சதானந்தம். செய்தி தெரிந்ததும் போன் செய்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா. அதுக்கப்புறம் ஹைதராபாத் ஸ்டூடியோவுக்குக் கொடுத்துடுவேன். பண்டிகை உன் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காது."

ஹைதராபாத் ஸ்டூடியோவுக்கு ஒருமுறை போன பாட்டு சிரிசில்லாவுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஸ்வரூபாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதன்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினோம். பஸ் காசு போகக் கையிருப்பு முப்பத்தெட்டாயிரம். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி, முறுக்கு மாதிரியான எள்ளு சகினாலு இருந்த டப்பாவுக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஷுஜாத் பாய் முகரக் கொடுத்த அந்த நான்காவது பெட்டி, கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பஞ்சாரா ஹில்ஸ் வீட்டுச் சாமான் அக்கா. அந்த வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேம் ஆடினான். அவ்ளோதான். முப்பத்தேழாயிரம்."

"கதை வேணாம் பாய். மூடியைக் கழட்டுங்க."

கழற்றினார். ஸ்வரூபா கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் மெல்ல ஒற்றினார். காகிதத்தில் பஜ்ஜி வைத்ததுபோல எண்ணெய் வட்டம் விழுந்தது. அதைப் பாயின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இது ஞாயிற்றுக்கிழமை கேம் ஆடினதா? ரெண்டு வருஷம் ராப்பகலா கிரிப்டோ காசு தோண்டியிருக்கு. சூட்டுல உள்ள இருக்கற பட்டையெல்லாம் உருகி எண்ணெய் விட்டிருக்கு."

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "பாய், இன்னிக்கு மாட்டினீங்க!"

"எங்கிட்ட வித்தவன் சொன்னதைத்தானே நான் சொன்னேன்!" என்றார் பாய்.

"அதுக்குத்தான் யாரு சொல்றதையும் கேக்க மாட்டேன். ஓட்டிக் காட்டுங்க, போதும்."

டிஸ்க்கை மாட்டி ஓட்டினார்கள். ஸ்வரூபா எப்போதும் சோதனைக்கு வைப்பது ஏரிக்கரைப் பாட்டைத்தான். நாற்பது பெண்கள் பூ அடுக்கைச் சுற்றிக் கைதட்டி ஆடுவார்கள். பின்னால் ஏரி மினுங்கும். காற்றில் சோளத் தட்டை அசையும். நான்கு கேமராவில் எடுத்தது, நான்கையும் ஒரே திரையில் ஓடவிடுவார். கண்ணாடிப் பெட்டி பதினோரு விநாடி தாக்குப்பிடித்தது. பிறகு நாற்பது பெண்களும் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள்.

"பாருங்க, கால் கடுக்க நிக்கறாங்க பாவம்" என்று டிஸ்க்கைக் கழற்றினார்.

கிளம்பத் திரும்பியவர் அப்படியே நின்றார். பாயின் நாற்காலிக்குக் கீழே, அவர் கால் வைத்துக்கொள்ளும் இடத்தில், குட்டி பீரோபோல ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. மேலே செருப்புத் தடம்.

"அது என்ன?"

"அது குப்பை அக்கா. பாலம் கட்டற கம்பெனி ஆபீஸ்லேர்ந்து நாலு பெட்டி ஏலத்துல வந்துச்சு. மூணு போயிடுச்சு. விளக்கும் இல்ல, அழகும் இல்ல. தூக்கினா இடுப்பு போயிடும்."

ஸ்வரூபா தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் என் முழங்காலை ஓங்கித் தட்டினார். "கேமரா அண்ணா, இங்க பாருங்க! ரெண்டு மூளை!" இரண்டு பிராசஸர்கள், பக்கத்துக்கு நான்காக எட்டு மெமரிப் பட்டைகள், மொத்தம் அறுபத்து நான்கு ஜிபி. குரல் அதற்குள் உயர்ந்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது அவர் அறியாததல்ல. பாயின் காது ஏற்கெனவே நிமிர்ந்திருந்தது.

"நல்ல கார்டு ஒண்ணு போட்டுத் தரேன். நாப்பத்தஞ்சு" என்றார் பாய்.

"இப்பதான் குப்பைன்னு சொன்னீங்க?"

"நீங்க உக்காந்து பாத்ததும் அதுக்கு மரியாதை வந்துடுச்சு."

கார்டை ஸ்வரூபாவே தேர்ந்தெடுத்தார். ஏழு கார்டுகளை முகர்ந்து, காகிதத்தால் ஒற்றி, காற்றாடியை விரலால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டு, எட்டாவதை எடுத்தார். மாட்டி ஓட்டியதும் பெண்கள் ஆடினார்கள். நான்கு கேமராவிலும் ஆடினார்கள். புடவை நிறத்தை ஏற்றினார், மெதுவாக்கினார், மேலே எழுத்தை ஓடவிட்டார். ஒரு விக்கல்கூட இல்லை. ஸ்வரூபாவின் தோள்களும் பாட்டோடு சேர்ந்து ஆடின.

"ஓடுதே, அப்புறம் என்ன?" என்றார் பாய்.

"ஓடினா போதாது. முழுப் பாட்டையும் சமைச்சு இறக்கட்டும்."

ஆறு நிமிடப் பாட்டை முழு வீடியோவாக்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. முப்பது சதவீதம், ஐம்பது, எழுபது. காற்றாடிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எண்பத்து மூன்றில் பட்டென்று திரை இருண்டது. பெட்டி அணைந்துவிட்டது.

அந்த ஏழு பாட்டுகளையும் முட்டியளவு சேற்றில் நின்று எடுத்தவன் நான். "இதுக்குத்தான் காலை மேல வெச்சிருந்தேன்" என்று பாய் முனகினார்.

ஸ்வரூபா பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல இருந்தது.

"சாகல பாய். மயக்கம் போட்டிருக்கு. ரெண்டும் வேற." எழுந்து நின்றார். "ஒரு பேச்சு பேசுவோம். இதை இங்கயே நான் சரி பண்ணிட்டா முப்பத்தெட்டுக்குக் குடுக்கணும். கீபோர்டு, மவுஸும் சேத்து. சரியாகலன்னா உங்க அரை நாளை வீணடிச்சதுக்கு ஆயிரம் ரூபா வெச்சுட்டுப் போறேன்."

பாய் பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பண்ணுங்க. நானும் பாக்கறேன்."

"பத்து பேரு கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று ஸ்வரூபா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. "கேட்டோம் கேட்டோம்!" என்று பிரிண்டர் கடை அம்மா கையைத் தூக்கினார்.

கைப்பையிலிருந்து திருப்புளியும் பல் பிரஷ்ஷும் வெளியே வந்தன. பிராசஸர்களின் தலையில் இருந்த உலோகக் கட்டிகளைக் கழற்றினார். சூட்டைக் கடத்த இடையில் தடவும் பசை காய்ந்து, சுண்ணாம்பாக உதிர்ந்தது. காற்று போக வேண்டிய இடுக்குகளில் கம்பளி மாதிரி தூசி. இழுக்க இழுக்க வந்தது. "எங்க தறிக்கூடத்துலகூட இவ்வளவு பஞ்சு இல்ல பாய்!" பிரிண்டர் கடை அம்மா தன் கடையிலிருந்து புதுப் பசைக் குழாய் கொண்டுவந்து கொடுத்தார். மருதாணி வைக்கிற நிதானத்தோடு ஸ்வரூபா ஒரு பொட்டு அளவு வைத்துக் கட்டிகளை மாட்டினார். மறுபடி கட்டளை கொடுத்தார்.

எழுபதில் கூட்டம் எண்ண ஆரம்பித்தது. எண்பதில் பாயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்தார். எண்பத்து மூன்றில் ஸ்வரூபா என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கினார். எண்பத்து நான்கு. எண்பத்தைந்து. யாரோ விசில் அடித்தார்கள். நூறு வந்ததும் அந்த மாடியே கைதட்டியது. ஸ்வரூபா கைதட்டவில்லை, குதித்தார். நாற்பத்தோரு வயதில், இரண்டு கால்களும் தரையிலிருந்து எழும்ப, மூன்றுமுறை குதித்தார்.

"நாலாயிரமாவது சேத்துக் குடுங்க அக்கா, நட்டம்" என்று பாய் இழுத்துப் பார்த்தார்.

"காலடியில கிடந்தப்ப என்ன விலை பாய்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பாயும் சேர்ந்துகொண்டார். கீபோர்டு, மவுஸோடு ஒரு மாத உத்தரவாதமும் தன் கடை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஸ்வரூபா சகினாலு டப்பாவை அப்படியே அவர் மேசையில் கவிழ்த்தார்.

பெட்டியை நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு கீழே இருந்த இரானி ஹோட்டலுக்குள் நுழைந்தோம். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சதானந்தத்துக்கு போன் போட்டார். "மிச்சம் அஞ்சும் வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வந்துடும். வேற யாருகிட்டயும் பேசாதீங்க." எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சாயா சொன்னார். சாயா வந்தது. அவர் குடிக்கவில்லை. சுவரில் இருந்த பெரிய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்ச் மழையில் நின்று, விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லாவில் இருந்தவரிடம் போனார். "அண்ணா, மேட்ச் திரும்ப ஆரம்பிக்கற வரைக்கும் உங்க டிவிய எனக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்கும்மா?"

"வேலை இருக்கு."

அந்த மனிதர் பெட்டியைப் பார்த்தார். ஸ்வரூபாவின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ரிமோட்டை நீட்டிவிட்டார். நான் வயர்களை மாட்டினேன். டிவி நிறைய மூன்றாவது பாட்டின் வெட்டாத காட்சிகள் வரிசையாக விரிந்தன. சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்வரூபா பளிங்கு மேசையில் கீபோர்டை வைத்தார். கண்ணாடி வளையல்கள் பளிங்கில் உரசிக் கிணுகிணுத்தன. இரண்டு கையிலிருந்தும் அவற்றை உருவி, பிஸ்கட் தட்டில் போட்டுவிட்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் வெட்டை வெட்டினார்.