கரையில் என்று காட்டிய படகு

காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கரையில் எந்தப் படகு கடலில் நிற்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்பதை மீனவர் சங்கத்தார் முன்பு கொப்பியில்தான் எழுதிவந்தார்கள். அதைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று வாயை விட்டவள் நான். ஓரிடத்தில் கரண்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதால், ஒரே தரவுத்தளத்தை மூன்று இடங்களில் மூன்று கணினிகளில் பரப்பி வைத்தேன்.

ரூபி என்ற நிரல் மொழியிலிருந்து அந்தத் தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஏற்கெனவே லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், இருந்தன. மற்றவர்கள் எழுதியதில் குறை பிடிக்காவிட்டால் எனக்குத் தேநீர் இறங்காது. ஆகவே நானே ஒன்றை எழுதினேன். 'படகு' என்ற பொருளை எடுத்து, வேண்டியதை மாற்றி, 'சேமி' என்றால் போதும். அதைப் பிரித்து மூன்று கணினிகளுக்கும் அனுப்புவது லைப்ரரியின் பாடு. எழுதி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அண்ணைக்கும் ஒரு படகு உண்டு. ஒரு நாள் விடியற்காலை, அவர் புறப்பட முன்னர், அவருடைய மனைவியான என் மச்சாள் புதுத் தொலைபேசி இலக்கத்தைப் பதிவதற்காகப் போனில் அந்தப் படகின் பக்கத்தைத் திறந்தார். பிள்ளை அழவே, போனை வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணை கடலுக்குப் போனார். சங்கத்தில் 'கடலில்' என்று பதிந்தார்கள். அதன் பிறகுதான் மச்சாள் வந்து, இலக்கத்தை எழுதி முடித்து, 'சேமி'யை அழுத்தினார்.

பத்து மணியளவில் காற்று கிளம்பியது. சங்கத்தார் பட்டியலைப் பார்த்து, கடலில் நின்ற படகுகளை ஒவ்வொன்றாக வயர்லெஸில் கூப்பிட்டுத் திருப்பினார்கள். அண்ணையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மச்சாள் எனக்குப் போன் எடுத்தார்.

"காலமை நான் புது நம்பர் பதிஞ்சனான். இப்ப உங்கடை கொம்பியூட்டரிலை அவர் கரையிலை எண்டு கிடக்காம். அப்ப மனுசன் எங்கை?"

"நீங்கள் எதையோ பிழையா அமத்திப்போட்டியள், மச்சாள்!" என்று எரிந்து விழுந்தேன்.

உடனே சங்கத்துக்குச் சொல்லி அண்ணையைக் கூப்பிட வைத்தேன். பதில் வரவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நிரலைத் திறந்து பார்த்தேன். ஓர் இலக்கத்தை மாற்றினாலும் என் லைப்ரரி படகின் விவரம் முழுவதையும் திரும்ப எழுதியது. மச்சாளின் போனில் விடியற்காலை இருந்த 'கரையில்' அப்படியே கிடந்தது. இலக்கத்தோடு அதுவும் போய், சங்கத்தார் பதிந்த 'கடலில்' என்பதை அழித்துவிட்டது. கடைசியாக வந்ததைத்தான் தரவுத்தளம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கரைக்கு ஓடினேன்.

பதினொன்றரைக்கு அண்ணை வந்து சேர்ந்தார். வயர்லெஸ் நனைந்து வேலை செய்யவில்லையாம். தூரத்தில் மற்றப் படகுகள் திரும்புவதைக் கண்டு தானும் திரும்பியிருக்கிறார். நான்கு பேராகப் படகை இழுத்து ஏற்றினோம்.

"வயர்லெஸ் நல்லா இருக்கேக்கையும் என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஏன்?" என்று கேட்டார்.

மச்சாள் முந்திக்கொண்டார். அழுது கண் வீங்கியிருந்தது. "நான்தானப்பா. போனிலை எதையோ பிழையா அமத்திப்போட்டன்."

அண்ணை மச்சாளின் தோளில் கை வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லை அண்ணை," என்றேன். "மச்சாள் சரியாத்தான் அமத்தினவ. உங்களைக் கரையிலை எண்டு எழுதினது நான்."