தேக்குப் பெட்டியும் தலைப்பொங்கல் பானையும்

தென்காசிப் புளி மண்டியில் இருபத்தைந்து வருஷம் தராசு பிடித்தவர் நாறும்பூநாத பிள்ளை. அவர் சொன்ன எடைக்கு விற்பவரும் மறுபேச்சுப் பேசியதில்லை, வாங்குபவரும் பேசியதில்லை. மூட்டையைத் தட்டில் ஏற்றுவார். முள் நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். பிறகு, "மொத்தம் இவ்வளவு, சாக்குக் கழிவு இவ்வளவு, சரக்கு இவ்வளவு" என்று ராகம் போட்டுச் சொல்வார். சாக்கின் எடையைக் கழிக்காமல் புளிக்கு விலை போடுவதைப் போலப் பாவம் இந்த உலகத்தில் வேறு இல்லை என்பது அவர் முடிவு.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், உலகம்மாள். ஆவணியில் கல்யாணம் முடிந்து, சென்னையில் விமானக் கம்பெனி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த சிவசைலத்தோடு ரயிலேறிப் போனாள். அன்று தென்காசி ஸ்டேஷனில் அவள் தாய் கோமதியம்மாள் அழுத அழுகையில் இன்ஜின் ஊதியது கூட யார் காதிலும் விழவில்லை.

மார்கழி மாதம் ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு விமான டிக்கெட்டுகள். ஊழியர் குடும்பத்துக்கென்று கம்பெனி வருஷத்துக்கு ஒரு முறை கொடுப்பதாம். அது அறுபதாம் வருஷத்துப் பொங்கல். மண்டிக்கு ஒரு வாரம் விடுமுறை. கூடவே உலகம்மாள் கைப்பட ஒரு கடிதம்.

"எதிர்வீட்டு அம்மாள் தினமும் கேட்கிறாள் அம்மா, தலைப்பொங்கலுக்கு உன் பிறந்த வீட்டிலிருந்து என்ன வரும் என்று. எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் போதும்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கோமதியம்மாள் கண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லையாமே! எந்தப் பெண் அப்படி எழுதுவாள்? ஏங்கி ஏங்கிக் களைத்துப்போன பெண்தான் எழுதுவாள். மகளின் முதல் பொங்கல் அடுத்தவர் பானையில் பொங்குவதா? பிறந்த வீட்டு வெண்கலப் பானை, பச்சரிசி, மண்டை வெல்லம், இலஞ்சித் தேங்காய், மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, துண்டு போட்ட கரும்பு, மகளுக்குச் சேலை, மருமகனுக்கு வேட்டி. இதில் ஒன்று குறைந்தாலும் தான் உயிரோடு இருந்து பயனில்லை என்று அந்தத் தாய் முடிவு கட்டிவிட்டாள்.

டிக்கெட்டோடு வந்த காகிதத்தில், ஆளுக்கு நாற்பத்து நான்கு ராத்தல் சாமான் கொண்டுவரலாம் என்று போட்டிருந்தது. ஒரு ராத்தல் என்றால் ஒரு பவுண்டு. இரண்டு பேருக்கு எண்பத்தெட்டு.

"கவலய விடுட்டி. எடை எங்கிட்ட" என்றார் பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத மண்டியில் எல்லாவற்றையும் தட்டில் ஏற்றினார். இவர்கள் மாற்றுத்துணியும் இரண்டு ஜமுக்காளமும் சேர்த்து நிறுத்தார். கடைசியில் இரண்டு சிறுகிழங்கை எடுத்து வெளியே வைத்தார். முள் நேராக நின்றது. எண்பத்தெட்டு.

கோமதியம்மாளுக்கு ஒரு சந்தேகம். "பெட்டியையும் சேத்து நிறுத்துட்டாவன்னா?"

"சாக்கையும் சேத்து நிறுக்கவன் களவாணி. அவ்வளவு பெரிய கம்பெனி களவாணிக் கம்பெனியா? பெட்டி கழிவுல போயிரும். அதனால பெட்டி எம்புட்டுக் கனமா இருந்தா நமக்கென்ன? நல்லதா வாங்குவோம்."

விதி அந்த இடத்தில்தான் சிரித்திருக்க வேண்டும்.

மறுநாள் இருவரும் ஆதம் சாயபு கடைக்குப் போனார்கள். பூட்டு, சங்கிலி, தோல்வார், ஹோல்டால், கூஜா என்று பயணத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. சாயபுவும் விமானத்தைத் தரையில் பார்த்ததில்லை. ஆனால் வியாபாரி அல்லவா?

"அண்ணாச்சி, பஸ்ஸுன்னா தெருவோட போகுது. பெட்டி விழுந்தா திரும்பிப் போய் எடுத்துக்கிடலாம். ஆகாசத்துல விழுந்தா?"

பிள்ளைக்கு வியர்த்தது. "கயிறு காட்டும்வே."

"கயிறா? ரெண்டு சுத்துத் தோல்வார் போடுங்க. அதுக்கு மேல தேங்காநார்க் கயிறு. இந்தப் பூட்டப் பாருங்க, ஏழு லீவர். திருடன் கைய வச்சான்னா அவன் வயசு போயிரும், பூட்டு திறக்காது."

"சீட்டுக் காலோட சேத்துக் கட்டணுமே. ரயில்ல நம்ம பெரியய்யா மகன் அப்படித்தான் கட்டிக்கிட்டுப் போனான்."

"ஆறடிச் சங்கிலி இருக்கு. யானைக்குப் போடுததுக்குத் தம்பி, சைக்கிளுக்குப் போடுததுக்கு அண்ணன்."

கோமதியம்மாள் மெல்ல, "இம்புட்டு இரும்பும் எதுக்குங்க? பானைய நான் கையில வச்சிக்கிடுதேன்" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்றார் பிள்ளை. எல்லாக் கணவன்மார்களும் தங்களுக்கும் ஒன்றும் தெரியாத இடத்தில் சொல்கிற வாசகம் அதுதான்.

பெட்டியைச் செங்கோட்டை மரக்கடையில் சொல்லிச் செய்தார். அசல் தேக்கு. எட்டு மூலைக்கும் பித்தளைத் தகடு. மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில், 'எஸ். நாறும்பூநாத பிள்ளை, தென்காசி.' பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். இருபத்தைந்து வருஷமாக ஊரார் சரக்கைத்தான் அந்தக் கை தொட்டிருந்தது. தன் பெயர் எழுதிய பொருள் ஒன்று அவருக்கென்று வாய்த்தது இதுவே முதல் தடவை. பித்தளை மூலையைத் துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கோமதியம்மாள் பார்த்தும் பார்க்காதவள் போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி ஒரே கவலைதான் பாக்கி. பஸ்ஸில் சாமான் கூரையில் போகும். சாரல் காலத்தில் நனையும். விமானமோ மேகத்துக்குள்ளேயே போகிறது! அதன் கூரையில் பெட்டி என்ன பாடுபடும்? பிள்ளை ஒரு தார்ப்பாய் வாங்கிப் பெட்டிக்கு உறை தைத்தார். அது தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குற்றாலம் எதற்கு இருக்கிறது?

மறுநாள் காலை ஒரு மாட்டுவண்டியில் காலிப்பெட்டியை ஏற்றி மெயின் அருவிக்குக் கொண்டுபோனார். மழை பெய்து ஓய்ந்த சமயம், தண்ணீர் திடமாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்களை விலக்கி, உறைபோட்ட பெட்டியை நாலு பேர் பிடித்து அருவிக்கு அடியில் வைத்தார்கள்.

"என்னவே இது, பெட்டிக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? குளிப்பாட்டக் கொண்டாந்திருக்கீரு?" என்றார் ஒருவர்.

"பெட்டிக்கு இல்ல, பெட்டிக்காரருக்கு" என்றார் இன்னொருவர். "அவருக்குப் பதிலா பெட்டிய நிறுத்திட்டாவ."

"தலைக்கு எண்ணெய் வச்சீரா அண்ணாச்சி? வெறுந்தலையோட நின்னா பெட்டிக்குச் சளி புடிச்சிரும்லா!"

பிள்ளை பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பெட்டியை இறக்கி, உறையைப் பிரித்து, மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்த முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தைப் பார்த்ததும் கேலி செய்தவர்களே வந்து பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

போகிக்கு முந்தைய நாள், மதுரை விமான நிலையம். பெட்டியை இரண்டு போர்ட்டர்கள் முக்கி முனகி உள்ளே கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு தராசு, பெரிய கடிகாரம் போல வட்ட முகத்தோடு நின்றது. பிள்ளை அதை ஒரு தொழில்காரனின் மரியாதையோடு பார்த்தார். பெட்டி ஏறியது. முள் சுற்றி வந்து நூற்று முப்பத்தொன்றில் நின்றது.

"பெட்டி, பூட்டு, சங்கிலி, வார், கயிறு, தார்ப்பாய், கழிவு நாப்பத்திமூணு" என்றார் பிள்ளை ராகத்தோடு. "சரக்கு எம்பத்தெட்டு. சரியா இருக்கா தம்பி?"

எடைபோட்ட இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் ஏசுவடியான், ஊர் பாளையங்கோட்டை.

"அண்ணாச்சி நம்ம பக்கமா? கணக்கெல்லாம் சரிதான். ஆனா இங்கன கழிவு கிடையாது. நாப்பத்திமூணு ராத்தல் கூடுதல்."

"பெட்டிய எப்படித் தம்பி சரக்குல சேப்பீரு?"

"விமானத்துக்குப் பெட்டியும் கனந்தான், சரக்கும் கனந்தான் அண்ணாச்சி. தூக்குதது அதுல்லா?"

இருபத்தைந்து வருஷத்தில் பிள்ளையின் எடைக்கு எதிராக யாரும் சொல்லாத நியாயம் அது. "பணம் கட்டுதேன்" என்றார் குரல் தாழ்ந்து.

"பொங்கல் கூட்டம், இடம் நிறைஞ்சிட்டு. ஒரு ராத்தல் கூட ஏத்த முடியாது. இந்தச் சங்கிலி எதுக்கு?"

"சீட்டுக் காலோட கட்ட."

"பெட்டி உங்க கூட வராதே. விமானத்து வயித்துக்குள்ளல்லா போகும்."

"அப்போ கூரையில இல்லையா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிள்ளையின் காது சிவந்தது. விமானம் புறப்பட இன்னும் இருபதே நிமிஷம் என்றார் ஏசுவடியான்.

பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்து ஏழு லீவர் பூட்டைத் திறந்தார். அவர் கை முதலில் போனது பெட்டிக்குள்ளே. அரிசியை வெளியே வைத்தார். வெல்லத்தை வைத்தார். தேங்காய்களை ஒவ்வொன்றாக வைத்தார். மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தார். இன்னும் பத்து ராத்தல் குறைய வேண்டும். பத்து ராத்தலுக்குச் சரியாக ஒரு பொருள்தான் இருந்தது. வெண்கலப் பானை. அதையும் தூக்கித் தரையில் வைத்தார்.

கோமதியம்மாள் கத்தவில்லை. அழவும் இல்லை. அந்தச் சிமென்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். பானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பெட்டியோட போயிட்டு வாங்க" என்றாள். "வெறுங்கையோட எம்மக முகத்துல என்னால முழிக்க முடியாது. நான் பானையோட ஊருக்குப் போறேன்."

ஏசுவடியான் காகிதத்தைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிள்ளை மனைவியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அருவியில் நின்று ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடாத பெட்டி. எட்டு மூலையும் பளபளத்தன. மூடியில் அவர் பெயர். அந்த மூடியை ஒரு தடவை தடவினார். பிறகு எழுந்து நின்று, மண்டியில் சொல்வாரே அதே ராகத்தில் சொன்னார்:

"மொத்தம் நூத்தி முப்பத்தொண்ணு. கழிவு நாப்பத்திமூணு. கழிச்சாச்சு. ஏட்டி, ஜமுக்காளத்த விரி!"

அதற்குப் பிறகு நடந்ததை அங்கிருந்தவர்கள் பல நாள் பேசியிருப்பார்கள். இரண்டு ஜமுக்காளங்கள் தரையில் விரிந்தன. வரிசையில் நின்ற கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் சிறுகிழங்கைப் பொறுக்கிப் போட்டார். கண்ணாடி போட்ட ஒரு பெண் மஞ்சள் குலையை எடுத்துக் கொடுத்தாள். புளிமூட்டை கட்டிய கை, இரண்டு மூட்டைகளையும் முடிச்சுப் போட்டு நிறுத்தியது. மூட்டைகளும் பானையும் தராசில் ஏறின.

"எம்பத்தெட்டு" என்றார் பிள்ளை, முள் நிற்பதற்கு முன்னாலேயே.

முள் எண்பத்தெட்டில் நின்றது.

"அண்ணாச்சி!" என்று ஏசுவடியான் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க தராசு கெட்டுப் போச்சுன்னா ஒங்களத்தான் கூப்பிடணும்."

பிள்ளை தலைநிமிர்ந்தார். நிமிர்ந்தவுடனேயே தரையில் கிடந்த பூட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். "பூட்டை மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிடவாட்டி?"

"எதப் பூட்டுததுக்கு? என் வாயையா?"

பூட்டு பெட்டிக்குள் போயிற்று. பெட்டியைத் தம் அறையில் பத்திரமாக வைத்துக்கொள்வதாக ஏசுவடியான் சொன்னார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மூட்டைகளை விமானத்தின் வயிற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். பானையை மட்டும் கோமதியம்மாள் விடவில்லை. ஈரிழைத் துண்டால் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏணி ஏறினாள். விமானத்து ஆட்களும் தடுக்கவில்லை. எடைதான் முடிந்துவிட்டதே! விமானம் மேலே எழும்பியபோது பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தத் தாய் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுத்தாள். பானைக்கா, புருஷனுக்கா என்று அவளுக்கே தெரியாது.

பணிப்பெண் குனிந்து இனிய குரலில் கேட்டாள்: "குழந்தைக்குப் பால் கொண்டுவரட்டுமா?"

"இப்ப வேண்டாம் தாயி" என்றாள் கோமதியம்மாள். "பொங்கலன்னைக்கு ஊத்திக்கிடுவோம்."

மீனம்பாக்கத்தில் உலகம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சிவசைலம். எதிர்வீட்டு அம்மாளும் விமானம் பார்க்கிற சாக்கில் கூடவே வந்திருந்தாள். முதலில் இறங்கிய கனவான்கள் கையில் மெல்லிய பைகள். கடைசியாக, இடுப்பில் எதையோ சுமந்துகொண்டு, படிக்குப் படி நின்று, தன் தாய் இறங்கி வருவதைக் கண்டாள். காற்றில் துண்டு விலகியது. வெயில் பட்டு வெண்கலம் சுடர்விட்டது.

"யம்மா!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் விமானத்தின் விசிறிகள் தோற்றுப்போயின. காவலர் தடுக்கத் தடுக்க ஓடினாள். சிரித்தாள், அழுதாள். தாயைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள், நடுவில் பானை இடித்தது.

"அப்புறமா அழலாம்" என்றாள் கோமதியம்மாள், தன் கண்ணும் நிறைந்து வழிய. "மொதல்ல இத வாங்கிக்கோட்டி. இடுப்பு ஒடியுது!"