விளக்கை நகர்த்திவிட்டார்கள்

வெர்னா லிண்ட்குவிஸ்ட் ஹாலிவுட்டில் பார்த்த வேலை, நிற்பது. கொரின் டெவ்ரே நடிக்க வருமுன் விளக்குகளைச் சரிசெய்யப் பொழுது போய்விடும். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை அந்த அனலில் வேகவைக்க முடியுமா? அதே உயரமும் அதே முடி நிறமும் உள்ள வெர்னாவை நிறுத்தி வேகவைப்பார்கள். எல்லாம் சரியானதும், "போம்மா, போதும்" என்று விரட்டிவிடுவார்கள். எந்தப் படத்திலும் அவளுடைய சுண்டுவிரல்கூடத் தெரியாது. ஊரில் அண்ணன் பெண்டாட்டி, "சினிமாவுல இருக்கேன் சினிமாவுல இருக்கேன்னு சொல்ற, உன் மூஞ்சிய மட்டும் காணோமே!" என்று குத்திக்காட்டுவாள்.

கொரினுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. டாக்டர்கள் கையை விரித்தாயிற்று. எதிரே நிற்பவர் முகம் புகைபோலத் தெரியும், தரை சுத்தமாகத் தெரியாது. ஸ்டூடியோவில் இது வெர்னா ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் கொரினின் பிழைப்பு அன்றோடு சரி. அதுவும் ஸ்டூடியோ முதலாளி ஹேவர்காம்ப் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விளக்கு முன்னால் நிற்கும்போதே எந்த இடத்தில் எந்தக் கன்னம் சுடுகிறது என்று வெர்னா மனதில் வாங்கிக்கொள்வாள். பிறகு கொரினின் காதில் சொல்வாள். கொரின் சூட்டை வைத்தே நடந்து, நிற்க வேண்டிய இடத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டில் அச்சாகப் போய் நிற்பாள். "என்னா கணக்கு, என்னா கணக்கு!" என்று டைரக்டர் பிராட் மெய்மறந்து போவார்.

அன்றைக்குப் படிக்கட்டுக் காட்சி. ஒரு கையில் விசிறி, மறு கையில் பாவாடைக் கொசுவம். கொரின் இறங்கி வந்து, பாதி வழியில் அகலமாக இருந்த நடுத்தளத்தில் திரும்ப வேண்டும். கேமரா இருந்த பக்கம் கைப்பிடி கிடையாது, தவறினால் நேரே சிமெண்டுத் தரைதான்.

அரட்டை அடிப்பதுபோல் தோளில் கைபோட்டு வெர்னா அவளை மேலே கொண்டுபோய் விட்டாள்.

"இடது கன்னம் சுட்டதும் நடுத்தளம் வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே திரும்பிடு."

"சரிடி. கை நடுங்குது பாரு எனக்கு."

"விசிறிதானே வச்சிருக்க? வீசு, யாருக்கும் தெரியாது."

வெர்னா கீழே இறங்கி வந்த பிறகுதான் ஹேவர்காம்ப் உள்ளே நுழைந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "கழுத்துல என்னய்யா அசிங்கமா நிழல்?" என்றார். முதலாளி சொன்னால் மறுபேச்சு உண்டா? நடுத்தளத்து விளக்கை ஆட்கள் உருட்டி, இரண்டு படி மேலே வெளிச்சம் விழும்படி வைத்தார்கள். வெர்னா டைரக்டரிடம் ஓடினாள்.

"நான் ஒருதடவை நின்னு பார்த்துடறேனே?"

"வேணாம்மா, சின்ன மாத்தம்தான். நீ ஓரமா போ."

நட்சத்திரம் தன் இடத்துக்கு வந்த பிறகு, பதிலாக நிற்பவள் கிட்டே நெருங்கக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். சக்கரம் உருண்ட சத்தம் மேலே கொரினுக்கும் கேட்டிருக்கும். எங்கே போய் நின்றது என்று முதலாளியை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பாள்?

மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. இனி ஒருவரும் தும்மக்கூடாது.

கொரின் மகாராணி மாதிரி இறங்கத் தொடங்கினாள். இன்னும் சில படிகளில் கன்னம் சுடும். தளம் வந்துவிட்டதென்று நம்பி, கைப்பிடி இல்லாத பக்கம் அவள் காலை வைத்துவிடுவாள். 'விளக்கு மாறிப்போச்சு' என்று கத்தினால் உயிர் தப்பும், ரகசியம் தப்பாது. ஐயோ, பாவி, என்னதான் செய்வாள்! யோசிக்க ஏது நேரம்?

"ஊசி! பாவாடைல ஊசி நிக்குது மேடம், அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடினாள்.

கொரின் அப்படியே நின்றாள். கன்னத்தில் வெளிச்சம் அப்போதுதான் விழுந்திருந்தது. வெர்னா காலடியில் மண்டியிட்டாள். தலைக்கு மேலே மைக் தொங்கியது, முணுமுணுத்தாலும் கேட்டுவிடும். பாவாடை விளிம்பைத் தடவுவதுபோல் கொரினின் கணுக்காலைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினாள். இன்னும் இரண்டு படி. பிறகு அவள் கால் கட்டைவிரலைப் படியின் ஓரத்துக்கு நகர்த்தித் தொட்டுக் காட்டினாள். கொரினின் உடம்பு ஒருமுறை உதறியது.

"எவ அவ? வெளிய தள்ளுங்கய்யா!" ஹேவர்காம்ப் கத்தினார்.

கொரின் வாய் திறந்தாள். "ஊசியாம் ஊசி! எங்கடி இருக்கு ஊசி? பண்ணைல மாடு மேய்க்கப் போக வேண்டியவ. எனக்குப் பதிலா நிக்கிறதுக்கு உனக்கு என்ன யோக்யதை இருக்கு? இவ மூஞ்சியில இனிமே நான் முழிக்கக் கூடாது!"

அப்படித்தான் பேசியாக வேண்டும், வேறு வழியில்லை என்று வெர்னாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ண? மாடு என்ற வார்த்தை நெஞ்சில் போய்த் தைத்தது. அழுதுகொண்டே வெளியே வந்தாள். பின்னாலேயே கதவை மூடினார்கள். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. விழுந்துவிட்டாளோ? அப்புறம் உள்ளே கைதட்டல் வெடித்தது. வெர்னா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொரினிடமிருந்து ஃபோனே வரவில்லை. பயமா, திமிரா? பெரிய இடத்துப் புத்தி என்று வெர்னா நாள் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தாள். ஆனாலும் படம் வந்ததும் முதல் ஆளாக க்ளென்டேல் தியேட்டரில் போய் உட்கார்ந்தாள்.

திரையில் கொரின் இறங்கினாள். வெளிச்சம் விழுந்த படியில் நிற்காமல், இன்னும் இரண்டு படி இறங்கித் திரும்பினாள். பக்கத்து இருக்கைப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"என்ன கண்ணுங்க இவளுக்கு! நம்மளையே பார்க்கிற மாதிரி இல்ல?"

"ஆமாங்க" என்றாள் வெர்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதைக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் தன் கைக்குட்டையை நீட்டினாள்.