எங்கள் அணியைப் பார்க்க ஏன் ஒருவரும் வரவில்லை

அன்று சுவிஸின் ஓல்டன் மைதானத்தில் வந்து நின்றவர்கள்: மத்தியஸ்தர், எதிரணியின் பதினொரு பேர், அவர்களின் மனைவிமார் சிலர், ஒரு நாய், எங்கள் பக்கத்தில் என்னோடு சேர்த்து ஆறு பேர். வராதவர்கள்: எங்கள் அணியின் மிகுதிப் பதினொரு பேர். எங்களைப் பார்ப்பதற்கென்றே பாசலிலிருந்தும் ஓர்லிகோனிலிருந்தும் முன்பு ரயிலேறி வந்த சனத்தில் ஒருவர்கூட இல்லை.

வந்திருந்த ஆறு பேரும் என் ஊர்க்காரர்.

ஏழு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் லீக்கிலிருந்து எங்களை நீக்கிவிடுவார்கள். மத்தியஸ்தர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, பதினைந்து நிமிடம் தந்தார்.

அணி ஏன் உருப்படவில்லை என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். குளிர், வேலை, பயிற்சி போதாது என்று சொல்லிச் சமாளிப்பேன். நாங்கள் எல்லோரும் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் சிம்மர்ஸ்டுண்ட என்கிற இடைவேளையில் ஓடிவந்து பந்தை உதைத்துவிட்டு, வியர்வை காயாமல் திரும்பவும் அடுக்களைக்குள் போகிறவர்கள். அது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல.

அணியில் மூன்று ஊர்ப் பெடியள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இந்த மூன்று ஊர்களுக்கும் தனித்தனிக் கழகம். அவர்கள் மோதுகிற நாளில் கடைசி விசிலுக்குப் பிறகு கல் பறக்காமல் இருந்ததில்லை. அதனால்தான் என் அறையில் கூடிய முதல் கூட்டத்திலேயே, எந்த ஊரின் பெயரும் வேண்டாம், பொதுவாகத் தமிழர் என்று ஒரு பெயர் வைப்போம் என்று தீர்மானித்தோம். விண்ணப்பத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கே வந்து மூன்று மாதம் ஜெர்மன் வகுப்புக்கும் போயிருந்தேன். எல்லோருடைய அகதி மனு, வேலை விண்ணப்பம், ஊருக்குப் போடும் கடித உறையில் விலாசம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும்.

பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கழகத்தின் மைதானத்தில் புல்லுச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் என் ஐயா. கழகக் கட்டடத்துக்குள் அவருக்கு ஒருநாளும் ஒரு கதிரை கொடுத்ததில்லை. கூலியை வாசலில் வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தக் கழகத்தின் பெயரை அவருடைய மகன் எழுதிப் பதிகிறான் என்று எனக்குள் ஒரு திமிர் எழுந்தது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை. ஊர்க் கழகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் போட்டேன்.

முதல் ஆட்டத்துக்கு ஐம்பது பேராவது வந்திருப்பார்கள். முட்டை ரோல்ஸ், ஃபிளாஸ்கில் தேநீர், ஒருவர் தகரப் பேணியில் மேளமடித்தார். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒரு கோலுக்குச் சனம் கோப்பை வென்றதுபோல ஆடியது.

அடுத்த கிழமை லீக்கின் அட்டவணை அச்சாகி வந்தது. எங்கள் கோல் காப்பாளர் பக்கத்து ஊர்க்காரர், எங்களுக்குள் மூத்தவர். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இதென்ன தம்பி, உங்கட ஊர்ப் பேர் கிடக்கு?”

“அவங்கள் பிழையாப் போட்டிட்டாங்கள் அண்ணை. இனி ஒரு வருசத்துக்கு மாத்தேலாதாம்.”

“எங்கட சனம் கிழிக்கப்போகுது. சரி, நீ படிச்சனி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சனம் குறைந்தது. ஓர்லிகோனில் சாமான் வாங்கப் போன தமிழ்க் கடையில் வேறு ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: “உவங்கட ஊர் மாட்சுக்கு நான் ரிக்கெற் எடுத்துப் போய்க் கத்தோணுமோ? அங்கை வாங்கின கல்லெறி காணாதோ?” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பார்க்க ஆளில்லாமல் போகவே பெடியளுக்கு ஓட மனமில்லை. ஏழு, எட்டு என்று கோல் வாங்கினோம். தோற்கிற அணியைப் பார்க்க மிச்சப் பேரும் வரவில்லை. ஒவ்வொருவராக, இன்றைக்கு லீவு இல்லை என்று ஆட்டக்காரரும் வராமல் நின்றார்கள். கோல் காப்பாளர் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார்.

அன்று ஓல்டனில் மத்தியஸ்தர் தந்த நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனபின் கோல் காப்பாளர் வந்தார். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அவரிடம் சப்பாத்துப் பை இல்லை. கோட்டைக் கழற்றவும் இல்லை. உள்பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து விரித்தார்.

“காலமை லீக் ஒபிசுக்குப் போனனான். ஜெர்மன் கதைக்க எங்கட ரெஸ்ரோறண்ட் ஷெப்பைக் கூட்டிக்கொண்டு. பேரை மாத்தடா எண்டு அந்தக் கிளாக்கரோட அரை மணித்தியாலம் சண்டை. மேசையில எல்லாம் அடிச்சுப்போட்டன். அவன் எழும்பி உள்ள போனான். எங்கட விண்ணப்பத்தின்ர இந்தப் பிரதியைக் கொண்டுவந்து முன்னால வைச்சான்.”

பெயர்க் கட்டத்தில் நான் போட்ட பெரிய எழுத்துகளைப் பார்த்தேன்.

“எனக்கு ஜெர்மன் தெரியாது. இந்த எழுத்துத் தெரியும். மாசாமாசம் என்ர மனிசிக்குப் போற உறையில இருக்கிற எழுத்து. ஆற்றயடா இது?”

“என்ர, அண்ணை.”

“அந்தக் கிளாக்கரிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் வாறன். அந்த வெள்ளைப் பெடியன் எனக்குத் தண்ணி தந்தான்.”

“அண்ணை, இண்டைக்கு மட்டும் நில்லுங்கோ. நீங்கள் நிண்டா ஏழு.”

“என்ன பேருக்கு நிக்கச் சொல்லுறாய்?”

மற்ற ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்கள் முன்பே ஊகித்திருக்க வேண்டும். தங்கள் ஊர்ப் பெயர் என்பதால் கேட்காமல் விட்டிருக்க வேண்டும். அவர் பிரதியை மடித்து என் கையில் வைத்துவிட்டு, “நாலரைக்கு வேலை, போறன்” என்று ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடவில்லை. நேரம் முடிந்து மத்தியஸ்தர் விசில் ஊதினார். எதிரணிக்காரர் வந்து எங்கள் ஆறு பேருக்கும் கைகொடுத்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பத்து நாளில் லீக்கின் கடிதம் என் விலாசத்துக்கு வந்தது. எல்லோரையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்து வாசித்தேன்: அணி நீக்கப்பட்டது; தண்டமும் மத்தியஸ்தர் கூலியும் மைதான வாடகையும் கட்ட வேண்டும். முழுவதையும் நானே கட்டுகிறேன் என்றேன். “உன்ர பெருமைக்கு உதுவும் வேணுமோ?” என்று ஒருவன் கேட்டான். கணக்கைப் பதினேழாகப் பிரித்தார்கள். வராதவர்களும் தங்கள் பங்கை ஆள்விட்டு அனுப்பினார்கள். கோல் காப்பாளரின் பங்கு உறையில் வந்தது. விலாசத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ஆளுக்கு இருபது, மொத்தம் முந்நூற்று நாற்பது பிராங்க்.