படுத்துப் பார்க்காமல் விற்றவள்

மனிதர்கள் சுகமாகப் படுக்கிற சாமானை நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற தொழில் என்னுடையது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கணுக்கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில், காட்டுக்குப் போகிறவர்களுக்கான சாமான் கடை ஒன்று இருக்கிறது. அதில் ஹேமக் பகுதி என் பொறுப்பு. என் பெயர் பரமேஸ்வரி, கடைக்கு வருகிறவர்களுக்குப் பரமு. ஹேமக் என்றால் இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கிற துணிப் படுக்கை. அதை மரத்தில் மாட்டுகிற பட்டை, கயிறு, மழைக்கு மேலே கட்டுகிற தார்ப்பாய் எல்லாம் நான்தான் பார்த்து எடுத்துக் கொடுப்பேன்.

அதற்கு முன் கீழே சேலைக் கடையில் பதினான்கு வருடம் சேலை மடித்தவள் நான். மேலே வேலைக்கு வந்த முதல் நாளே ஒருவர், "நீங்க இதுல படுத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். முதலாளி சேகர் பக்கத்திலேயே நின்றார். "ஓ, நிறைய தடவ" என்று சொல்லிவிட்டேன். சேலைக் கடைப் பழக்கம். அங்கே எந்தச் சேலையைக் காட்டினாலும் "நானும் இதுல ஒன்னு வச்சிருக்கேன்" என்போம்.

அந்தப் பொய்யை மூன்று வருடம் கட்டிக் காத்தேன். பெட்டியில் நூற்று எண்பது கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நான் எண்பத்திரண்டு கிலோ. கணக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு, கயிற்றின் மேல்தான் இல்லை. கடையில் மாதிரிக்குத் தொங்குவதில்கூட ஒரு துணிக்கடைப் பொம்மைதான் படுத்திருக்கும். என் பொய் தெரிந்தால் ஒரு ஆள்கூட என் பேச்சைக் கேட்டு ஹேமக்கில் காலை வைக்க மாட்டார் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

நகைக்கடைத் தராசு

கணேசன் இரண்டு தெரு தள்ளி நகைக்கடையில் வேலை பார்ப்பவர். முதல் முறையாக மலை ஏறப் போகிறார். முதுகுப் பையில் ஒரு கிராம்கூட வீணாகக் கூடாது என்று கடையிலிருந்து சின்னத் தராசையே கையோடு கொண்டு வந்துவிட்டார். நான் மூன்று விதமான மாட்டும் பட்டைகளை எடுத்துப் போட்டேன். வரிசையாக வளையம் தைத்த பட்டை: மாட்டுவது சுலபம், கனம் அதிகம். கொக்கிக்குள் இழுத்து இறுக்குகிற பட்டை: நடுத்தரம். குட்டைப் பட்டையோடு மெல்லிய கயிறு சேர்ந்தது: கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது, ஆனால் நீளம் சரி செய்யப் பழக வேண்டும்.

ஒவ்வொன்றையும் மோதிரம் நிறுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். மெல்லிய கயிறு ஜெயித்தது. தார்ப்பாயிலும் அப்படித்தான். "சின்னது வேணாம், சாரல் அடிச்சா கால் நனையும்" என்றேன். "கால்தானே" என்று சொல்லி ஆகச் சின்னதை எடுத்துக்கொண்டார். பில் போடும்போது பேச்சுவாக்கில், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். வீட்டம்மாவும் கூட வருகிறாராம், இரும்பு தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு. நான் தராசைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"அது அவங்க பேக்குலா அக்கா. நான் என் பேக்கத்தான் வெயிட் பாக்குறேன்."

மரத்தைக் கேட்காத குற்றம்

கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். தாமான் குடியிருப்பில் தன் வீட்டு வாசலிலேயே ஹேமக் கட்டி ஞாயிற்றுக்கிழமை படுக்க ஆசை. நான் முழுப் பாடமும் நடத்தினேன். மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரத்தின் தோல் அறுபடும், ஆகவே இரண்டு விரல் அகலத்துக்காவது மாட்டும் பட்டை வேண்டும். கம்பி மாதிரி விறைப்பாக இழுக்காதீர்கள், தொய்வாக விடுங்கள். விறைப்பாகக் கட்டினால் கயிற்றில் பாரம் பல மடங்கு ஏறும், உங்களையும் புரட்டிப் போடும். மனிதர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட்டோடு வந்து நின்றார். ஒரு பக்கம் கார் நிறுத்துகிற இடத்து இரும்புத் தூணில் கட்டினாராம். மறுபக்கம் வாழைமரம். குலை தள்ளின வாழை. பட்டையைப் பற்றி அரை மணி நேரம் பேசிய நான், என்ன மரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு சீப்புப் பழத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"ஸ்ட்ராப் ரொம்ப ஸ்ட்ராங்குக்கா, ஒன்னும் ஆகல. மரம்தான் கூட வந்துருச்சி."

போர்ட் கிள்ளான் முடிச்சு

லோரி ஓட்டுகிற ஒருவர். போர்ட் கிள்ளானில் கொள்கலன் ஏற்ற முறை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். கம்பெனி யார்டில் இரண்டு இரும்புக் கம்பம் இருக்கிறது, மேலே கூரை இல்லை. நான் அவருக்கு ஹேமக்கும் பெரிய தார்ப்பாயும் எடுத்துக் கொடுத்தேன். இரும்புக் கம்பத்தில் பட்டை வழுக்கி இறங்கும், நாலு சுற்று சுற்றிவிட்டு மாட்டுங்கள் என்றதும், "அது கரெக்டுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அந்தத் தெம்பில், தார்ப்பாய்க் கயிற்றை இறுக்குகிற பிளாஸ்டிக் கிளிப்பைக் காட்டினேன். அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் கயிற்றை அலமாரிக் காலில் ஒரு சுற்று விட்டார், நடுவில் ஒரு கண்ணி போட்டார், இழுத்தார். கயிறு டங்கென்று பேசியது. அலமாரியே ஓர் அங்குலம் நகர்ந்தது. ஒரு நுனியைச் சுண்டினார், எல்லாம் அவிழ்ந்து தரையில் கிடந்தது. மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தும் எனக்குக் கை வரவில்லை.

"இந்த முடிச்சுதான்கா ஜொகூர் வரைக்கும் இருபது டன் சாமானப் புடிச்சிக்கிட்டுப் போவுது, என்னப் புடிக்காதா?"

வடக்கே தலை

ரவாங்கிலிருந்து ஆறு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். காலையில் ஒன்றாக நடக்கிற கூட்டம். தலைவி வசந்தா டீச்சர், பணி ஓய்வு பெற்றவர். உலு லங்காட் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு நாள் தங்கப் போகிறார்கள். ஆறு பேருக்கும் ஹேமக் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார். ஒருவருக்கு மட்டும் மனமில்லை, சரோஜா. அவருக்கு ஒரு சந்தேகம். மரம் நிற்கிற திசையில்தானே கட்ட முடியும், தலை வடக்கே போய்விட்டால்?

மூன்று வருட வியாபாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எந்தக் கம்பெனியும் பெட்டியில் இதற்குப் பதில் போடுவதுமில்லை. நான் யோசித்துச் சொன்னேன்: "காலு பக்கம் தலைய வச்சிப் படுத்துருங்கக்கா, தெக்கு ஆயிரும். அதோட ஹேமக்குல நேரா படுக்கக் கூடாது, குறுக்கால சாஞ்சிதான் படுக்கணும், அப்பதான் முதுகு வளையாது. நேர் வடக்கு எப்படியும் வராது." ஆறு பேரும் கை தட்டாத குறை. டீச்சர் கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துச் சரிபார்த்தே விட்டார்.

பிறகு சரோஜா என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார், நீங்க படுத்திருக்கீங்களா என்று. என் வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டது, நிறைய தடவ என்று. அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நீங்களும் வாங்க பரமு. நீங்க முதல்ல படுத்தாதான் நான் படுப்பேன்."

ஆற்றோரத்துப் பந்தல்

தப்பிக்க ஆயிரம் காரணம் தேடினேன். ஆனால் வாட்ஸப் குழுவில் டீச்சர் "எக்ஸ்பர்ட் கூட வர்றாங்க" என்று போட்டுவிட்டார். அதை வைத்துத்தான் சரோஜா தன் வீட்டிலும் சம்மதம் வாங்கியிருக்கிறார். முதலாளியோ சந்தோஷமாக லீவு கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் ஆற்றோரத்தில் நான் பட்டைகளை மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது, பெண்கள் ஆறு பேரும் பெரிய தார்ப்பாயைக் கட்டி முடித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் கல்யாணப் பந்தல். நாலு மூலையும் ஒரே உயரம், நடுவில் சமதளம், ஓரத்தில் மாவிலை இல்லாததுதான் குறை. "சரிவா இருக்கணும், தண்ணி நிக்கும்" என்றேன். "போட்டோக்கு இதான் அழகு" என்றார்கள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. பந்தலுக்கு வயிறு வைத்தது. வயிறு இறங்கி வரவர, சரோஜா வீட்டு வாசல் பந்தலில் செய்கிற பழக்கத்தில் குடை முனையால் கீழேயிருந்து ஒரு குத்து குத்தினார். மொத்தத் தண்ணீரும் சரிந்து மீ கோரெங் நூடுல்ஸ் சட்டியிலும் டீச்சர் தலையிலும் கொட்டியது. முதலில் டீச்சரே சிரித்தார், அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. நனைந்துகொண்டே ஏழு பேரும் சேர்ந்து நடுவில் கயிறு ஓட்டி, இரண்டு பக்கமும் சரித்து மறுபடி கட்டினோம். தண்ணீர் ஒழுங்காக ஓரத்தில் வழிந்தது.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படுத்துக் காட்ட வேண்டிய நேரம். சரோஜா பக்கத்தில் வந்து நின்று, என் கால் எப்படி வைக்கிறேன், கை எப்படி வைக்கிறேன் என்று பாடம் படிக்கிற மாதிரி கவனித்தார். அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. பரமேஸ்வரி, போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நான் இதுவரைக்கும் இதுல படுத்ததே இல்லக்கா. பொய் சொல்லிட்டேன். எனக்கும் பயம்" என்றேன்.

சரோஜாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. டீச்சர்தான் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார். "முப்பது வருசம் நான் பூகோளம் சொல்லிக் கொடுத்தேன்மா. சிங்கப்பூரத் தாண்டி எங்க போயிருக்கேன்? பாடம் சரியாத்தான் இருந்துச்சி. ஏறு, நாங்க புடிச்சிக்கிறோம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சரோஜாவும் பிடித்தார், கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான். வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன், முதுகைச் சாய்த்தேன், காலைத் தூக்கிக் குறுக்காக நீட்டினேன். பட்டை ஒரு தடவை முனகியது, பிறகு அமைதியாகிவிட்டது. முதுகு நேராக, எங்கும் வலிக்காமல், எண்பத்திரண்டு கிலோவும் எங்கோ போய்விட்டது. மூன்று வருடமாக நான் விற்றது இவ்வளவு நல்ல சாமான் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக சரோஜா, தெற்கே தலை வைத்து ஏறினார். ஏறியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பயந்துவிட்டாரோ என்று கூப்பிட்டேன்.

"யாரும் என்னை எழுப்பாதீங்க, வூட்டுக்காரரு போன் பண்ணா புலி தூக்கிட்டுப் போயிருச்சின்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை கடைக்கு மிதந்துகொண்டு வந்தேன். முதலாளியிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். அவர், "தெரியும், பொம்மைய எடுத்துட்டு நீங்க படுத்துக் காட்டுங்கன்னு எத்தன தடவ சொல்லியும் நீங்க ஏறலயே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இனிமேல் யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று முடிவு செய்தேன்.

பத்து மணிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நான் பட்டைகளை விரித்தேன், தார்ப்பாயின் சரிவைக் கையால் காட்டினேன், சனிக்கிழமை மழையை நினைத்துக்கொண்டு உற்சாகமாகப் பேசினேன். அந்த அம்மா கேட்டார், நீங்க இதுல படுத்திருக்கீங்களா என்று. நான் நிமிர்ந்து நின்று, "ஒரே ஒரு தடவ, போன சனிக்கிழமை. ரொம்ப நல்லா இருந்துச்சி" என்றேன். வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமான பதிலை நான் எந்தக் கவுண்டரிலும் சொன்னதில்லை. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா என் தோளுக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆளு வேற யாராச்சும் இருக்காங்களாக்கா?"

மூன்று வருடம் நிபுணராக இருந்த என்னைக் கத்துக்குட்டியாக்க ஒரே ஒரு உண்மை போதுமாக இருந்தது.