குடைக்குக் கிடைத்த கலர்

கல்யாண ஆல்பம் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் முதலில் கத்தியது நான்தான். இன்னும் கத்தி முடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் படத்தில் அக்கா மகளும் மாப்பிள்ளையும் குற்றாலத்தில் நிற்கிறார்கள். அவள் பட்டு மயில் நீலம், அவன் சட்டை சந்தன நிறம், இருவருக்கும் மேலே விரித்த குடை சிவப்பு. அவ்வளவுதான் கலர். மற்றதெல்லாம் கருப்பு வெள்ளை. அருவி, மலை, சிப்ஸ் கடை, ஈரத் துண்டோடு போகிற யாரோ ஒருவர், இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்கள், எல்லாரும் சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி. அந்தச் சாம்பல் வரிசையில் என் அக்கா. பெண்ணைப் பெற்றவள்.

அருவி வெள்ளையாய்ப் போனால் யாருக்கு நட்டம்? அது என்றைக்கும் வெள்ளைதான். ஆனால் அக்கா அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குச் சேலை. அந்தச் சேலையின் கதையைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

அத்தான் போனபோது அக்கா மகள் தவழ்கிற பிள்ளை. அன்றைக்கு வெள்ளைக்குப் போன அக்கா பிறகு சாம்பல், சந்தனம் என்று வந்தாளே தவிர, ஒரு நல்ல நிறத்துக்குத் திரும்பவில்லை. யாரும் கட்டாதே என்று சொன்னதில்லை. எங்கள் பக்கம் கையைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள், கண்ணால் தள்ளுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் கண்ணை மூட அதுவும் இல்லை.

கல்யாணம் நிச்சயமானதும் மகள் ஒரே பிடியாய் நின்றாள். "நீ கலர்ச்சேலை கட்டலன்னா நான் மேடைக்கு வரமாட்டேன். மாப்பிள்ள தாலிய மடியில வச்சிட்டுத் தனியா உக்காந்து கெடக்கட்டும்."

தென்காசியில் ஜவுளிக்கடைக்குப் போனோம். அக்கா கை முதலில் மங்கல் சேலைகளாகப் பார்த்துத் தொட்டது. கடைசியில் ஓர் அரக்கில் போய் நின்றது, மாம்பழக் கலர் கரை.

"ரொம்பத் தூக்கலா இருக்கா, ட்டி?" என்று என்னைக் கேட்டாள்.

"இருக்கட்டும்க்கா. இத்தன வருசம் எறங்கித்தான கெடந்துச்சு."

சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் கல்யாண வேலை எல்லாம் பார்த்தாள்.

கல்யாணம் முடிந்து வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். இப்போது எங்கள் ஊரில் தாலி கட்டின கையோடு அருவிக்கரையில் படம் எடுக்காவிட்டால் கல்யாணமே செல்லாது போல. சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் தன் வண்டியிலிருந்து அந்தச் சிவப்புக் குடையை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் வரிசையாய் நின்றோம். அப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா, சுரண்டைக்காரர், அக்காவிடம் மெல்லச் சொன்னார். "மதினி, நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்களேன். ஒங்க சேலை போட்டோவுல பளீர்னு அடிக்கும்."

சொன்னவர் கட்டியிருந்தது கிளிப்பச்சை. மலையில் நின்ற மரமெல்லாம் அவரைப் பார்த்து வெட்கப்படும், அப்படியொரு பச்சை. அக்கா பின்னால் போனாள். மகள் திரும்பிப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

அப்படி நின்றவளைத்தான் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வைத்து வெளுத்துவிட்டார். பெரியம்மா வாயால் செய்யப் பார்த்து முடியாமல் போனதை, இவர் ஒரு பேச்சும் இல்லாமல் முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டுச் சுவரில் கருப்பு வெள்ளையாய் இருப்பவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து மாலை போட்டுக்கொண்டவர்கள். அக்கா ஆல்பத்தை வெகுநேரம் பார்த்தாள். "கலரு எனக்கு ஒத்துக்கிடலட்டி. போட்டோவே சொல்லிட்டுது பாரு" என்றாள். மறுநாள் பழைய சாம்பல் சேலை. அரக்கு பீரோவின் அடித்தட்டுக்குப் போயிற்று. இதே படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் மாட்டப் போகிறார்கள் என்று வேறு தகவல் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவையும் ஆல்பத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தென்காசி ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"தம்பி, இதுல எங்க அக்கா எங்க?"

"அந்தா நிக்காவள்லா, பொண்ணு தோளுக்குப் பக்கத்துல."

"ஆமா, நிக்கா. அவ கலரு எங்க?"

"அது கான்செப்ட்டுக்கா. ஜோடி மட்டும் கலர்ல தூக்கும். மத்ததெல்லாம் பேக்ரவுண்டு."

"பெத்தவ பேக்ரவுண்டா? அவ இல்லன்னா ஒங்க ஜோடியில பாதி ஏது தம்பி?"

"எல்லாருக்கும் இப்படித்தாங்க்கா போடுதோம். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"சரி, ஜோடிக்குக் கலர் குடுத்தீய. இந்தக் குடை யாரு? பொண்ணுக்குச் சித்தியா, மாப்பிள்ளைக்கு அத்தையா?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "அது ஸ்டுடியோ குடைக்கா. செவப்பு நல்லா எடுப்பா இருக்கும்னு..."

கேட்டீர்களா? ஸ்டுடியோ வண்டியில் வந்து இறங்கின குடைக்குக் கலர் உண்டு, சுமந்து பெற்றவளுக்கு இல்லை. விருந்தாளியைத் திண்ணையில் விட்டுவிட்டு அவன் செருப்புக்கு நடுவீட்டில் பாய் விரித்த கதை. இதை அவரிடம் சொன்னேன். இன்னும் சிலதும் சொன்னேன், அதை எழுத முடியாது.

"கோவப்படாதீயக்கா. கலரு எங்கயும் போகல" என்று படத்தைத் திறந்தார். "அடியில அப்படியே இருக்கு. மேல கருப்பு வெள்ளையா ஒரு படலம் போட்டு மூடியிருக்கேன். வேணுங்கற எடத்துல தேய்ச்சு எடுத்தாப் போதும்."

மவுஸை வைத்துத் தேய்த்தார். முந்தானையிலிருந்து அரக்கு கசிந்து வந்தது. அதுவரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெல்ல எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கரையும் எடுங்க தம்பி. மாம்பழக் கலரு."

எடுத்தார். "இப்ப மூணு பேரும் கலரு. போதும்லா?"

"என்னைய மட்டும் எடுத்தா எப்படி? எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவுகதான? எல்லாரையும் எடுங்க."

"எல்லாரையும் எடுத்தா இது சாதா போட்டோ ஆயிருமேக்கா!"

"நாங்களும் சாதா ஆளுகதான் தம்பி."

ஒவ்வொருவராய் வந்தார்கள். சுரண்டைப் பெரியம்மாவிடம் வந்ததும் நான் குறுக்கே விழுந்தேன். "அவுகள மட்டும் அப்படியே விடுங்க. பின்னால நிக்கச் சொன்னவுக, செத்த நேரம் சாம்பல்ல நின்னு பாக்கட்டும்."

"சும்மா கெடட்டி" என்றாள் அக்கா. "அந்தப் பச்சையையும் எடுங்க தம்பி. நல்ல சேலை."

இதில் எனக்கு அக்கா மேலேயே கோபம். இன்றைக்கும் உண்டு. நல்லவளாய் இருக்கலாம், இவ்வளவு நல்லவளாய் இருக்க வேண்டுமா?

படத்தைச் சுரண்டையில் மாப்பிள்ளை வீட்டில் மாட்டியதும் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறத் தயாராகி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றால், அவள் அரக்குச் சேலையில் வெளியே வருகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாற்றிவிடுவாளோ என்ற பயம்.

முன்னறையில் பெரியம்மா படத்துக்கு முன்னால் நின்று தன் கிளிப்பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நல்லா விழுந்திருக்குலா?" என்றார். பிறகு திரும்பி அக்காவை மேலும் கீழும் அளந்தார்.

"என்ன மதினி, போட்டோவுல கட்டுனதையே கட்டிட்டு வந்துட்டீய?"

அக்கா செருப்பை ஓரமாய்க் கழற்றி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"போட்டோவ நம்ப முடியல மதினி. அதான் நேர்லயும் ஒருதடவ காட்டிட்டுப் போவோம்னு வந்தேன்."